இன்னும் கால் சுற்று

செவ்வாய்க்கிழமை சுட்டால் ஐந்து தோட்டாவும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை சுட்டால் யாரோ கைநிறைய மிளகை அள்ளித் தாள்மேல் வீசியது போலிருக்கும். துப்பாக்கி அதேதான். தோட்டாப் பெட்டி அதேதான். படுத்துச் சுடும் பாய் அதே பாய், படுப்பவளும் அவளேதான். செவ்வாய் பயிற்சி, ஞாயிறு போட்டி. வேறு வித்தியாசம் கிடையாது. அதனால் கிளப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"பயம்," என்றார் மாஸ்டர்.

கிளப்பில் சுடக் கற்றுக்கொடுப்பவர் அவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெண்கலப் பதக்கம் வாங்கினார். எந்தப் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் அது அந்தப் பதக்கத்தில் போய்த்தான் உட்காரும்.

"எனக்கு என்ன பயம் மாஸ்டர்?"

"அதான் பயம். பயப்படறவங்களுக்கு அது தெரியாது."

"அப்ப பயப்படாதவங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்புறம் யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் மாஸ்டர். "மூச்சை இழுத்து விடு. காலையில ஒரு வாழைப்பழம் சாப்பிடு. வெண்கலம் வாங்கின அன்னிக்கு நானும் வாழைப்பழம்தான் சாப்பிட்டேன்."

மூன்று போட்டிக்கு முன் மூன்று வாழைப்பழம் தின்றாயிற்று. தாளில் மிளகு குறையவில்லை.

அவளை வீட்டில் சின்னவள் என்பார்கள். பெரியவள் கல்யாணமாகிப் போய் ஆறு வருஷமாகிறது; இன்னமும் இவள் சின்னவள்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறி இறங்கிய முதல் ஆள். இப்போது பம்ப் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதனை அறையில் வேலை. பம்பில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு இறுக்கம் என்று அளந்து தாளில் எழுத வேண்டும். 'டைட்டாக இருக்கிறது' என்று எழுதினால் சூப்பர்வைசர் தாளை மூஞ்சியில் விட்டெறிவார். எத்தனை என்று எண்ணில் எழுத வேண்டும். இந்த வேலைக்கு வந்த பிறகு எண் இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'பயம்' என்பதும் எண் இல்லாத பேச்சுதான்.

அதைவிட எரிச்சல் ஒன்று இருந்தது. கிளப்பில் அவளோடு சுடும் டாக்டர் மகள் குறி தவறினால் மாஸ்டர் வானத்தைப் பார்த்து, "இன்னிக்குக் காத்து சரியில்ல," என்பார். சின்னவள் குறி தவறினால் அவள் முகத்தைப் பார்ப்பார். ஒரே வரிசையில் படுத்துக்கொண்டு, ஒரே திசையில் சுடுகிற இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் காற்று அடிக்குமா என்ன?

வெளியூர்ப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து நால்வர் அணி போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு டாக்டர் மகளும் சின்னவளும். மாஸ்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"வர்ற ஞாயிறு கடைசி. அன்னிக்கும் இப்படித் தெளிச்சேன்னா, நீ செவ்வாய்க்கிழமை மட்டும் வந்து சந்தோஷமா சுட்டுட்டுப் போ. போட்டியெல்லாம் உனக்கு வேண்டாம். உடம்புக்கு ஆகாது."

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "போனாப் போகுது, படுத்துக்கிட்டு அப்படி என்ன விளையாட்டு? தூங்கறதுன்னா வீட்டுலயே தூங்கலாம்," என்றாள். அப்பாதான் கொதித்துப் போனார்.

"யாருக்குப் பயம்? எம் பொண்ணுக்கா? இவ பிறந்தப்ப நர்ஸையே முறைச்சவ!"

அப்பா பஸ் டிப்போவில் டயர் பிரிவு. இருபத்தேழு வருஷமாகச் சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான். அவர் மாட்டிய சக்கரம் ஒன்றுகூட வழியில் கழன்று ஓடியதில்லை. இதை அவரே சொல்வார், நாம் கேட்காவிட்டாலும் சொல்வார். வாரநாட்களில் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளோடு கிளப்புக்கு வருவார். பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு, எதிரில் வருகிற எல்லோரிடமும், "எம் பொண்ணு, கிராஜுவேட்," என்று தொடங்குவார். ஆடிக்கொண்டிருந்த கிளப்பின் இரும்புக் கேட்டை ஒரு ஞாயிறு இவர் சரிசெய்து கொடுத்ததிலிருந்து அங்கே அவருக்குத் தடை ஏதும் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் போவார், எதை வேண்டுமானாலும் தொடுவார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. சின்னவள் வழக்கம்போல், சுடுவதற்கு முன் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தாள். அவளுடையது பாயின்ட் டூ டூ ரைபிள். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா, ஐம்பது மீட்டர் தூரத்தில் தாள். துப்பாக்கி கிளப்பின் ஸ்டோர் அறையில்தான் பூட்டியிருக்கும். மரக்கட்டையையும் இரும்புக் குழலையும் சேர்த்துப் பிடிப்பது அடியில் இருக்கும் இரண்டே இரண்டு ஸ்க்ரூ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. துடைப்பதற்காக வாராவாரம் அவள் அந்த இரண்டையும் கழற்றி, துடைத்து, இரண்டு விரலால் திருகுசாவியைப் பிடித்துத் திரும்ப மாட்டுவாள்.

இன்றைக்கு ஸ்க்ரூ அசையவில்லை.

போன செவ்வாயும் இப்படித்தான். அதற்கு முந்தைய செவ்வாயும். மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று அப்போது விட்டுவிட்டாள். இன்றைக்கு எழுந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். சாவி நழுவி விரல் முட்டியில் தோலைப் பெயர்த்துவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே யோசித்தாள். இரண்டு விரலால் மாட்டியதை இரண்டு கையால் கழற்ற வேண்டியிருக்கிறதென்றால், நடுவில் வேறொரு கை வந்துபோயிருக்கிறது.

சனிக்கிழமை மதியம் லீவு போட்டாள். சூப்பர்வைசரிடம் கேட்டுத் தொழிற்சாலையின் சின்ன டார்க் ரெஞ்சை வாங்கிக்கொண்டாள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும் கருவி அது. ஐந்து மணிக்குள் திரும்ப வந்து பெட்டிக்குள் படுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டு நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் ஆரம்பித்தாள். இரண்டு ஸ்க்ரூவையும் முழுதாக இளக்கி, திரும்ப இரண்டுக்கு ஏற்றி, ஐந்து தோட்டா. தாள் சுமார். மூன்றில் கொஞ்சம் கூடிவந்தது. நாலில் சட்டைப் பொத்தான். நாலரையில் பொத்தான் கோட்டுப் பொத்தானாயிற்று. ஐந்தில் கலையத் தொடங்கியது. ஆறில் சாய்ந்தது. ஏழு வைத்து, ஐந்தாவது தோட்டாவையும் சுட்டுவிட்டு, தாளைத் தூரக்கண்ணாடியில் பார்த்தவள் படுத்த இடத்திலேயே ஒரு முறை சத்தமாகச் சிரித்தாள். வலது கீழ்மூலையிலிருந்து இடது மேல்மூலைக்குச் சாய்வாக ஒரு சிதறல். போய்த் தாளை எடுத்துவந்து, பையிலிருந்த போன ஞாயிற்றுக்கிழமைத் தாளை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அச்சு அசல் அண்ணன் தம்பி.

ஆக, பயத்துக்கும் எண் உண்டு. ஏழு நியூட்டன் மீட்டர்.

காரணம் பெரிய வித்தையில்லை. மரத்தின் படுக்கை எந்த நாளும் முழு மட்டமாக இருக்காது. அதன்மேல் இரும்பை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டினால் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் வளையும். வளைந்த குழல் வெடிக்கும்போது ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாக உதறும். இந்தக் குட்டித் தோட்டா வேறு மெதுவாகக் கிளம்புகிற சோம்பேறி. குழலைவிட்டு வெளியே போவதற்குள் அந்த உதறல் முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் போகும்.

சரி, ஏழு வைத்தது யார்?

நாலில் இறுக்கி, ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷால் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். இரண்டுக்கும் இழுத்தாள். துப்பாக்கியை ஸ்டோரில் வைத்துப் பூட்டி, டார்க் ரெஞ்சை நாலு ஐம்பதுக்குச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் டிப்போ ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து கிளப்பை முற்றுகையிடுவார். யார் என்பதில் அவளுக்கு அதிகச் சந்தேகமும் இல்லை. நாலாவது இடம் யாருக்கு வேண்டுமோ, அந்த டாக்டர் மகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டோரிலிருந்து துப்பாக்கியை எடுத்ததும் கவிழ்த்துப் பார்த்தாள். கோடு நேராக இருந்தது. எல்லோருடையதையும் போல தோட்டா போடும் போல்ட்டைத் திறந்து, வெறும் துப்பாக்கி என்று காட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டைச் செருகி, வரிசைப் பலகையில் நிறுத்திவிட்டுப் பெயர் பதியப் போனாள். அங்கே கூட்டம். கையெழுத்துப் போட்டு, எண் வாங்கி, சுடும்போது போடும் கனத்த சட்டையின் பரிசோதனையை முடித்துத் திரும்பக் கால்மணி நேரம் ஆயிற்று.

கோடு உடைந்திருந்தது. ஸ்க்ரூவில் பாதி ஒரு பக்கம் பார்த்தது, இரும்பில் பாதி வேறு பக்கம் பார்த்தது.

பலகைக்குப் பக்கத்தில் டாக்டர் மகள் உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இது உன் வேலைதானே?" என்றாள் சின்னவள்.

"எது?"

"நடிக்காத. மூணு ஞாயிறா என் ஸ்க்ரூவைத் திருகி வச்சது நீதானே? நேரா சுட்டு ஜெயிக்க வக்கில்ல, திருட்டுத்தனமா..."

"ஏய், நிறுத்து," என்று டாக்டர் மகள் எழுந்தாள். "நான் ஏன் உன் ஸ்க்ரூவைத் திருகணும்? என் ஸ்க்ரூ எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. எல்லாம் எங்க டிரைவர் பாத்துப்பாரு."

"கோடு போட்டு வச்சிருக்கேன். பாரு! கால்மணி நேரத்துல திரும்பியிருக்கு. இங்க உன்னைத் தவிர யாரு இருந்தா?"

சத்தம் கேட்டு மாஸ்டர் ஓடிவந்தார். "என்ன, என்ன? போட்டி அன்னிக்கு இதயத்துடிப்பை ஏத்தாதீங்கம்மா! நான் வெண்கலம் வாங்கின அன்னிக்கு..."

அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து, காகிதக் கோப்பையில் டீயோடு அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா சண்டை? ஸ்க்ரூவா? அதுக்கு ஏன் அந்தப் பொண்ணைத் திட்டற? நான்தான் டைட் பண்ணி வச்சேன்."

மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களா?" என்றாள் சின்னவள்.

"ஆமா. வாராவாரம் நான்தானே வைக்கறேன்," என்றார் அப்பா, ஏதோ அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டதைச் சொல்வது போல. "முதல் போட்டி அன்னிக்கே தொட்டுப் பாத்தேன். ரெண்டு விரல்ல அசையுதும்மா! நீ அதுமேல கன்னத்தை வச்சுப் படுக்கற. வெடிக்கிற சாமான். கழண்டு மூஞ்சில வந்துச்சுன்னா? நீ புதுசு, உனக்குக் கை அழுத்தம் பத்தாது. சொன்னா கோவிச்சுப்ப. அதான் நீ அந்தப் பக்கம் போனதும் கால் சுத்து, கால் சுத்து வச்சுட்டேன்."

"அப்பா... மூணு போட்டி!"

"ஆமா, மூணு போட்டியிலயும் கழண்டுச்சா? கழலலையே!"

டாக்டர் மகள் சிரிக்கத் தொடங்கினாள். கையுறையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப... பயம்?" என்றார்.

"பயம் எனக்கில்ல மாஸ்டர், எங்கப்பாவுக்கு!" என்று சின்னவள் கத்தினாள். கத்திவிட்டு டாக்டர் மகள் பக்கம் திரும்பி, "சாரி," என்றாள். அந்தச் சாரியும் திட்டுவது போலத்தான் வந்தது.

"பரவால்ல," என்றாள் டாக்டர் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதை நான் காசு கொடுத்தாலும் பாத்திருக்க முடியாது."

போட்டிக்கு இருபது நிமிஷம் இருந்தது. அதில் கடைசிப் பத்து நிமிஷம் குறிபார்த்துச் சுடலாம்; அந்தத் தோட்டாக்கள் கணக்கில் சேராது. டார்க் ரெஞ்ச் தொழிற்சாலைப் பெட்டியில் படுத்திருந்தது. தொழிற்சாலைக்கு ஞாயிறு விடுமுறை.

"கோடும் கோடும் சேர்ற மாதிரி திருப்பிவிட்டுடு," என்று டாக்டர் மகள் யோசனை சொன்னாள்.

"அப்படித் திருப்பினா சரியா வராது," என்றாள் சின்னவள்.

"சரியா வராது," என்றார் அப்பாவும் அதே மூச்சில். "மரம் அமுங்கியிருக்கும். முழுசா இளக்கிட்டுத்தான் புதுசா ஏத்தணும். சக்கரத்துக்கும் அதான் சட்டம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு ஏத்தணும்ங்கறது எனக்கு எண்ணா தெரியும், கையில தெரியாது," என்றாள் அவள். "நாலு. நீங்க இன்னிக்குச் சாவியை வச்சப்ப நாலுல இருந்துச்சு."

அப்பா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "நாலோ நாப்பதோ எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்குச் சாவி வச்சதும் எந்த அழுத்தத்துல முதல்ல அசைஞ்சுச்சுன்னு கையில இருக்கு. வேணும்னா அதுவரைக்கும் கொண்டுவர்றேன்."

போட்டி தொடங்கும் வரை யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம் என்று மாஸ்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார். அன்றைக்கு அவர் செய்த முதல் உபகாரம் அது.

அப்பா இரண்டையும் முழுதாக இளக்கினார். முன் ஸ்க்ரூவை ஏற்றினார். சாவி மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றது. நின்ற பிறகும் அவர் மணிக்கட்டு நிற்கவில்லை. இருபத்தேழு வருஷப் பழக்கம் அதற்குள் உட்கார்ந்துகொண்டு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று துடித்தது.

"போதும்பா."

"இது டைட்டே இல்லம்மா."

"போதும்."

"ஆடும்மா. ஒரே ஒரு கால் சுத்து..."

"அப்பா, கையை எடுங்க!"

எடுத்தார். நெற்றி வியர்த்துவிட்டது. பஸ் சக்கரத்தைத் தனியாளாகத் தூக்கும்போதுகூட அவருக்கு இப்படி வியர்த்து அவள் பார்த்ததில்லை. பின் ஸ்க்ரூவை வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். பார்த்துக்கொண்டு வைத்தால் மனசு கேட்காதாம்.

குறிபார்க்கும் நேரத்தில் சுட்ட முதல் ஐந்து தோட்டாவில் மூன்று ஒட்டிக்கொண்டன, இரண்டு மேலே ஓடின. போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அவள் கையசைத்தாள். அப்பா குனிந்து ஓடிவந்தார்.

"முன்னாடி ஒரு துளி ஏத்துங்க."

அப்பாவின் முகம் பூவாய் மலர்ந்தது.

"துளின்னா துளி! கடிகாரத்துல பெரிய முள் ஒரு நிமிஷம் நகருமே, அவ்வளவுதான்."

மலர்ந்த முகம் வாடியது. ஆனால் அவ்வளவுதான் நகர்த்தினார். அடுத்த ஐந்தும் பொத்தானுக்குள் போயின.

போட்டிக்கு நாற்பது தோட்டா. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்து. முதல் பதினைந்து எப்படிப் போயின என்றே அவளுக்குத் தெரியவில்லை. பத்து, பத்து, ஒன்பது, பத்து. இருபதாவது தோட்டாவின்போதுதான் அது நடந்தது. இதுவரை மூன்று ஞாயிறு சிதறியதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இன்றைக்குத் துப்பாக்கி சரியாக இருக்கிறது. இனிச் சிதறினால் அது அவள்தான், வேறு யாருமில்லை. அப்படி நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கை ஈரமானது. காதுக்குள் இதயம் இடித்தது. இருபத்தொன்றாவது தோட்டா ஏழில் போய் விழுந்தது.

'ஓ, இதுதான் பயமா?' என்று அவள் நினைத்தாள்.

மாஸ்டர் மூன்று வாரமாக விவரித்த சாமான். இப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்க்கிறாள். வாழைப்பழத்துக்கெல்லாம் மசிகிற ஆசாமியாகத் தெரியவில்லை. மூச்சை இழுத்து விட்டாள். அது போகவில்லை. இன்னொரு தடவை விட்டாள். அது நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. சரி, நீ உன் வேலையைப் பார், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று கன்னத்தைக் கட்டைமேல் வைத்து, இரண்டு துடிப்புக்கு நடுவில் விரலை அழுத்தினாள்.

பத்து.

பயந்துகொண்டே அடுத்ததையும் சுட்டாள். ஒன்பது. பயந்துகொண்டே பத்து. பயந்துகொண்டே பத்து. நாற்பதாவது தோட்டா வரைக்கும் அந்த இடி நிற்கவேயில்லை. தாளுக்கு அதைப்பற்றி அக்கறையும் இல்லை.

புள்ளிப் பட்டியலை ஒட்டியபோது டாக்டர் மகள் முந்நூற்று எண்பத்தாறு, சின்னவள் முந்நூற்று எண்பத்தெட்டு.

"ரெண்டு புள்ளி," என்றாள் டாக்டர் மகள். மூக்கு சிவந்திருந்தது. அழவில்லை, ஆனால் அழுதிருக்கலாம். "அந்த ஏழு மட்டும் நாலா இருந்திருந்தா இடம் எனக்குத்தான். அங்கிள், அடுத்த வாரம் இவளுக்கு நல்லா டைட் பண்ணிடுங்க."

"உனக்கும் என்னன்னு பாக்கலாம் வா," என்றாள் சின்னவள். "டார்க் ரெஞ்ச் கொண்டுவர்றேன். உங்க டிரைவர் எத்தனைல வச்சிருக்காரோ, யாருக்குத் தெரியும்?"

மாஸ்டர் அணிப் பட்டியலில் நாலாவது பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல. பயம் போச்சு, பாயின்ட் வந்துச்சு."

"இல்ல மாஸ்டர். பயம் இன்னிக்குத்தான் வந்துச்சு."

மாஸ்டர் அதை யோசித்துப் பார்த்தார். யோசித்து, அதில் தனக்குச் சாதகமாக எதுவும் இல்லை என்று தெரிந்ததும், டீ எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சக்கரம் எதுவும் கழன்று ஓடாமல் பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிற முகம். மகள் வந்து நின்றதும் அவள் கன்னத்தைத் திருப்பி, துப்பாக்கி பட்ட இடம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் நான் வரலாமா, வேண்டாமா?" என்றார் மெதுவாக.

"நீங்க வராம பாயை யாரு தூக்கறது?" என்று அவள் கையை நீட்டினாள். "முதல்ல அந்தச் சாவியைக் கொடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் கையை மடக்கவில்லை.

அப்பா கேட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு பேன்ட் பைக்குள் கையை விட்டு இரண்டாவது சாவியையும் எடுத்தார்.